வாசலுக்கு நேரே விளக்குமாறு

விசில் சத்தம் கேட்டதும் முப்பது கைகள் இடியப்பத்தில் அப்படியே நின்றன.

காலை ஏழரை மணி. கொழும்பு, புதுக்கடைக் கோடுகளுக்கு, அதாவது நீதிமன்றங்களுக்கு, வழக்காட வந்தவர்கள், சாட்சி சொல்ல வந்தவர்கள், சாட்சி சொல்லாமலிருக்க வந்தவர்கள் எல்லோரும் முத்துலிங்கத்தின் சைவச் சாப்பாட்டுக் கடையில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம். விசில் தெருவிலிருந்து வரவில்லை. கடைக்குள்ளே, சமையல் நடக்கும் குசினியின் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"ஒருத்தரும் அசையக் கூடாது!" என்றது ஒரு குரல்.

யாழ்ப்பாணத்திலிருந்து வேலி வழக்கு அப்பீலுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், கள்ளன் அகப்பட்டுவிட்டான் என்று நினைத்து எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். கதவுக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டவர் கள்ளன் அல்ல. தலையில் தக்கைத் தொப்பி, காலில் வெள்ளைச் சப்பாத்து, வாயில் விசில், கையில் ஒரு பழைய ஈர்க்கு விளக்குமாறு. செத்த எலியை வாலில் பிடித்திருப்பவரைப்போல அதை உடம்புக்கு எட்டத்தில் பிடித்திருந்தார்.

"இது ஆருடையது?"

"என்ர மனிசியின்ரை, ஐயா" என்றார் முத்துலிங்கம், காசு மேசையை விட்டு எழுந்து.

மனைவி பத்மாவதி குசினியிலிருந்து தலையை நீட்டினாள். "ஓம், என்ரைதான். அதைக் கீழை வையுங்கோ. இன்னும் குசினி கூட்டேல்லை."

வந்தவர் சிரித்தார். "கீழை வச்சதுதானம்மா குற்றம்."

அவர் பெயர் ஸ்ரீஸ்கந்தராசா. உணவுக்கடைத் துப்புரவு மேற்பார்வைக் கந்தோரின் இன்ஸ்பெக்டர். இப்படி ஒரு கந்தோர் இருப்பது பலருக்குத் தெரியாது. அது ஜோர்ஜ் மன்னருக்கு முடிசூட்டிய வருஷம். விழாவுக்கு முன் ஊரைச் சுத்தமாக்கவென்று மூன்று மாதத்துக்குத் தற்காலிகமாக அந்தக் கந்தோரைத் திறந்தார்கள். மன்னருக்கு முடிசூட்டியாயிற்று. தெருவில் கட்டிய தோரணங்களையும் கழற்றியாயிற்று. கந்தோரைக் கழற்றத்தான் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. ஒரு துரை, பன்னிரண்டு மேசை, பதினாறு உத்தியோகத்தர். செய்வதற்கு வேலை இல்லாதபடியால் அவர்கள் மிகவும் கடுமையாக உழைக்க வேண்டியிருந்தது.

"விளக்குமாறு நிலத்தைத் தொட்டபடி நிண்டது" என்றார் இன்ஸ்பெக்டர். "நிலத்திலை கிருமி. கிருமி ஈர்க்கிலை ஏறும். அங்கையிருந்து சாப்பாட்டுக்குப் பாயும்."

முத்துலிங்கத்துக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "ஐயா, கூட்டேக்கை விளக்குமாறு நிலத்தைத் தொடாதோ?"

"கூட்டிறது அதின்ரை வேலை நேரம். நான் ஓய்வு நேரத்தைச் சொல்லுறன்."

வேலி வழக்குப் பெரியவர் மெல்ல உட்கார்ந்து, ஆறிப்போன சொதியைத் தொட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டர் நீளமான படிவம் ஒன்றை மேசையில் விரித்தார். அதில் எழுதியிருந்தது இதுதான்: இன்றிலிருந்து பதினாலு நாட்களுக்குள் முத்துலிங்கம் தன் கடைச் சுவரில் அங்கீகரிக்கப்பட்ட துப்புரவுப் பலகை ஒன்றைப் பொருத்தி, கூட்டும், துடைக்கும், தட்டும் சாமான்கள் யாவற்றையும் அதில் கொளுவி வைக்க வேண்டும். தவறினால் வருஷ முடிவில் கடை லைசென் புதுப்பிக்கப்படமாட்டாது.

லைசென் இல்லையென்றால் கடை இல்லை. பதினெட்டு வருஷக் கடை. முத்துலிங்கம் படிவத்தை இரண்டு கையாலும் வாங்கினார்.

கந்தோரின் தலைவர் பிளென்கின் துரையின் மூளையில் உதித்தது அந்தப் பலகை. துரை இலங்கைக்குக் கப்பலில் வந்தபோது, கப்பற் சமையலறையில் விளக்குமாறுகள் சுவரில் வரிசையாகக் கொளுவப்பட்டிருப்பதைக் கண்டு மனம் நெகிழ்ந்தாராம். கப்பல் ஆடும்; கொளுவாவிட்டால் விளக்குமாறு சமையற்காரனின் தலையில் விழும். புதுக்கடை ஆடுவதில்லை. இதைத் துரைக்கு எடுத்துச் சொல்லத்தான் பன்னிரண்டு மேசையிலும் ஆளில்லை.

பலகை ஆறடி நீளம், தேக்கு. அதில் ஐந்து இரும்புக் கவ்விகள். ஒவ்வொரு கவ்விக்கும் மேலே சாமானின் பெயர் வெள்ளை எழுத்தில் இருக்க வேண்டும்: ஈர்க்கு விளக்குமாறு, தும்புத்தடி, ஒட்டடைத் தடி, நிலம் துடைக்கும் கட்டை, குப்பை அள்ளும் தகரம். கடைசி விதியை முத்துலிங்கம் இரண்டு முறை வாசித்தார். "வாசலால் நுழைபவர் எவருக்கும் முதற் பார்வையில் படுமாறு, வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில், கண் உயரத்தில்."

"ஐயோ!" என்றாள் பத்மாவதி. "விளக்குமாத்திலை முழிச்சுக்கொண்டோ சனம் உள்ளை வாறது? பெரிய மனிசர் வந்தால் நாங்கள் அதை எடுத்து ஒளிக்கிறனாங்கள். உந்த மனிசன் அதைக் கல்யாணப் படம் மாதிரி மாட்டச் சொல்லுறான்."

"மெதுவாக் கதையும். லைசென் போயிடும்."

"லைசென் இருக்கும். சனந்தான் இராது."

அந்தச் சுவரில் ஏற்கனவே இருவர் குடியிருந்தார்கள்: பிள்ளையார், ஜோர்ஜ் மன்னர். முத்துலிங்கம் கந்தோருக்குப் போய் மூன்று நீள வாங்கில் மாறி மாறி உட்கார்ந்து, இவர்களை என்ன செய்வதென்று கேட்டார். பதில் எழுத்தில் வந்தது. பிள்ளையாரை அகற்றலாம். மன்னரை அகற்ற இந்தக் கந்தோருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் மன்னருக்குப் பக்கத்தில் விளக்குமாறு தொங்குவது இராச நிந்தனையாகலாம். ஆகவே இரண்டுக்கும் நடுவே இரண்டடி இடைவெளி விடுக. சுவரின் அகலம் ஏழடி. பலகை ஆறடி. மன்னர் படம் ஒன்றரை அடி.

முத்துலிங்கம் இரண்டு நாள் நூலால் அளந்து பார்த்தார். மூன்றாம் நாள் மன்னரைக் கூரைக்குக் கிட்ட உயர்த்தினார். பிள்ளையார் குசினிக்குப் போனார். அங்கே அவருக்குச் சாம்பிராணியும் வடைப் புகையும் சேர்ந்து கிடைத்ததால் முறைப்பாடு எதுவும் இல்லை.

பலகை அடிக்க வந்தவர் கொட்டாஞ்சேனை ஸீமன் பாஸ். கொழும்பில் தச்சரையும் மேசனையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்; ஸீமன் இரண்டு வேலையும் செய்வார், இரண்டிலும் பயமில்லாதவர். விரலால் சுவரைத் தட்டினார். சுவர் பொருபொருவென்று ஏதோ சொன்னது.

"மாத்தையா, இது ஒல்லாந்தர் காலத்துக் கபுக் செவரு, சும்மா செம்மண்ணுக் கல்லு. ஆணி நிக்காது. ஓட்டை போட்டு, மர ஆப்பு எறக்கி, அதிலதான் திருகாணி போடணும்."

"சுவர் தாங்குமோ பாஸ்?"

"பயவெண்ட எப்பா, மாத்தையா" என்று சிங்களத்தில் தைரியம் சொல்லி, ஸீமன் பாஸ் துளைக்கோலைச் சுவரில் வைத்து ஒரே போடு போட்டார்.

செந்தூள் மழையாகக் கொட்டியது. தூள் அடங்கியபோது சுவரில் ஒரு தேங்காய் போகும் அளவு ஓட்டை இருந்தது. ஓட்டைக்குள் ஒரு முகம் இருந்தது. அந்த முகத்தில் மூக்குக் கண்ணாடி இருந்தது.

"என்ன அண்ணே" என்றது முகம், "கதவு வைக்கிறதெண்டா ஒரு வார்த்தை செல்லக்கூடாதா?"

அது ஜாபிர். சுவருக்கு அப்பால் இருந்த பிரக்கிராசியாரின் கிளாக்கர். வழக்காடுவது பிரக்கிராசியார், அதை வெல்ல வைப்பது தானே என்பது ஜாபிரின் நம்பிக்கை. பதினைந்து வருஷமாக முத்துலிங்கத்தின் கடையில் பிளேன் டீ குடிப்பவர்; முத்துலிங்கத்துக்கு அவர் 'நானா', அதாவது அண்ணன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஜாபிர் நானா! துப்புரவுப் பலகை அடிக்கிறம்."

"எங்கட பக்கமெல்லாம் துப்புரவா மண்ணு கொட்டிக் கெடக்குது. உள்ளுக்கு ஒரு சாட்சிக்காரன் வாக்குமூலம் பாடமாக்கிக்கிட்டு ஈந்தான். வானம் இடிஞ்சிட்டெண்டு நெனச்சு உண்மையச் செல்லத் தொடங்கிட்டான்!"

பழைய வழக்குக் கட்டுகளை ஜாபிர் அந்தப் பக்கத்தால் திணித்தார். ஸீமன் பாஸ் இந்தப் பக்கத்தால் சுண்ணாம்பு பூசினார். அந்தச் சுவரில் கபுக்கல்லைவிட உறுதியாக நின்றது தள்ளுபடியான ஒரு காணி வழக்குத்தான் என்று பாஸ் பிறகு பலரிடமும் சொன்னார்.

பலகை ஏறியது. அடுத்த சிக்கல் கவ்வியில். கந்தோர் அங்கீகரித்த கவ்வி, சீமை விளக்குமாற்றின் ஒரு அங்குலக் கம்புக்கு அளவெடுத்துச் செய்தது. தும்புத்தடி அதில் கச்சிதமாக ஏறிக்கொண்டது. ஈர்க்கு விளக்குமாற்றுக்குக் கம்பே கிடையாது. கட்டு மட்டுந்தான், அதுவும் கைக்கு அடங்காத கட்டு. கவ்விக்குள் பலவந்தமாகத் தள்ளியபோது கட்டு அவிழ்ந்து முந்நூறு ஈர்க்கும் நிலத்தில் கிடந்தன. அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்த ஸ்ரீஸ்கந்தராசா, குனிந்து, ஒரு ஈர்க்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கம்பு கட்டும்."

"கம்பு கட்டினால் நான் எப்பிடிக் கூட்டிறது?" என்றாள் பத்மாவதி. "குனிஞ்சு கூட்டினால்தான் மேசைக்குக் கீழை போகும்."

"அம்மா, இது கூட்டிறதுக்கான ஏற்பாடு இல்லை. கொளுவிறதுக்கான ஏற்பாடு. ரெண்டையும் குழப்பாதேங்கோ."

கம்பு கட்டினார்கள்.

திறப்பு விழாவுக்குப் பிளென்கின் துரையே வந்தார். கடை வாசலில் வாழை கட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர், கிளாக்கர்மார், பக்கத்துக் கடைக்காரர், ஓட்டை வழியாகத் தனக்கும் பாத்தியதை உண்டென்று ஜாபிர், எல்லோரும் நின்றார்கள். துரை பலகைக்கு முன் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஐந்து சாமான்களையும் இடமிருந்து வலமாகப் பார்த்தார். பிறகு வலமிருந்து இடமாகப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் மூன்று சொல் சொன்னார்.

ஸ்ரீஸ்கந்தராசா அதைத் தமிழ்ப்படுத்தினார்:

"துரை அவர்கள் திருவாய்மலர்ந்தருளுவதாவது: இந்நாட்டில் இதுவரை விளக்குமாறு அழுக்கை அகற்றுவதற்கு மட்டுமே பயன்பட்டு வந்தது. அது அறியாமைக் காலம். ஒரு கடை சுத்தமாக இருக்கிறதோ என்று அறிய முன்பு எங்கள் உத்தியோகத்தர்கள் நிலத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. நிலமோ பெரிது, குனியவும் வேண்டும். இனி நிமிர்ந்து நின்று பலகையைப் பார்த்தாற் போதும். ஐந்தும் இருந்தால் சுத்தம். நான்கு இருந்தால் அசுத்தம். விளக்குமாற்றைக் கண்டு முகம் சுளிக்கும் மூடநம்பிக்கை நம்மவரிடம் உண்டு. விஞ்ஞானத்தின் முன் சகுனம் நில்லாது. நான் தினமும் காலையில் என் வீட்டு விளக்குமாற்றைப் பார்த்துவிட்டே கந்தோருக்குப் புறப்படுகிறேன்!"

கைதட்டினார்கள். ஜாபிர் மெதுவாகக் கேட்டார்: "தொரை செல்லினது மூணு சொல்லுதானே?"

"ஆங்கிலம் சுருக்கமான பாஷை" என்றார் இன்ஸ்பெக்டர்.

முத்துலிங்கம் தயங்கித் தயங்கி ஒரு சந்தேகத்தை முன்வைத்தார். "ஐயா, அஞ்சும் பலகையிலை இருக்கு, ஆனால் நிலம் ஊத்தையெண்டால்?"

"நிலம் எங்கட பகுதி இல்லை, முத்துலிங்கம். அதுக்கு எழுதிக் கேட்க வேணும்."

நிலம் விரைவிலேயே ஊத்தையானது. காரணம் எளிது. இன்ஸ்பெக்டர் எந்த நேரமும் வரலாம். வரும்போது ஐந்தும் பலகையில் இருக்க வேண்டும். முதல் வாரம் பத்மாவதி ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்துக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஸ்ரீஸ்கந்தராசா நுழைந்துவிட்டார். பலகையில் நான்கு. "அசுத்தம்" என்று எழுதிக்கொண்டு போனார். அந்த நேரத்தில் நிலம் கண்ணாடி மாதிரி இருந்தது. அடுத்த நாள் பயத்தில் ஒன்றையும் எடுக்காமல் விட்டார்கள். வாழையிலைத் துண்டும் மிளகாய்க் காம்பும் கணுக்காலில் ஒட்டின. இன்ஸ்பெக்டர் அவற்றின் மேல் நடந்து வந்து, ஐந்து என்று எண்ணி, "அதிசுத்தம்" என்று எழுதினார்.

மூன்றாம் நாள் பத்மாவதி ஜிந்துப்பிட்டிச் சந்தியில் இன்னொரு விளக்குமாறு வாங்கி வந்து, அரிசிச் சாக்குக்குப் பின்னால் படுக்க வைத்தாள். கம்பில்லாத, கவ்வியில்லாத, பெயரெழுதாத விளக்குமாறு. கள்ளச் சாராயக் கசிப்புப் போத்தலை ஒளிப்பவளைப்போல அதைச் சேலைத் தலைப்பால் மூடி எடுத்து, ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துக் கூட்டினாள்.

"பதினெட்டு வருஷம் மானமாக் கடை நடத்தின எனக்கு" என்றாள் கணவரிடம், "களவாக் கூட்டிற காலம் வந்திட்டுது."

இதையெல்லாம் முத்துலிங்கம் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது வேறொன்று.

கோட்டுக்குப் போகிறவன் சாதாரண மனிதனல்ல. இடது கால் வைத்துப் படியிறங்கினால் திரும்பி ஏறி வலது காலால் இறங்குவான். எண்ணெய்க்காரன் எதிர்ப்பட்டால் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பான். பூனையிலிருந்து புடலங்காய் வரை அவன் வழக்கில் எல்லாவற்றுக்கும் ஒரு கட்சி உண்டு. அப்படிப்பட்டவன், விடிய எழுந்து குளித்து, திருநீறு பூசி, ஒரு வாய் இடியப்பம் தின்று கோட்டுக்குப் போவோம் என்று முத்துலிங்கத்தின் கடைக்குள் வலது காலை எடுத்து வைத்தால், எதிரே கண் உயரத்தில் தேக்குப் பலகையில் பெயரெழுதி மாட்டிய விளக்குமாறு!

முதலில் தோற்றது, தவணைக்குத் தவணை வந்துகொண்டிருந்த வேலி வழக்குப் பெரியவர். அப்பீல் தள்ளுபடி. வேலிப் படலையில் தொடங்கி உச்சநீதிமன்றம்வரை ஒன்பது வருஷம் நடந்த வழக்கு. கோட்டுப் படியில் நின்று அவர் சத்தம் போட்டார்: "நீதிபதி என்ன செய்வார்? நான் காலமை விளக்குமாத்திலையெல்லோ முழிச்சனான்!"

அன்று பின்னேரத்துக்குள் புதுக்கடை முழுவதும் செய்தி பரவியது. மறுநாள் முத்துலிங்கத்தின் கடையில் இருந்தவர்கள் மூன்று பேர். மூவரும் வழக்கில்லாதவர்கள், ஒருவர் கடிதம் கொண்டுவந்த தபாற்காரர்.

அதற்கடுத்த நாள் ஒரு விந்தை நடந்தது. செய்தி எட்டாத வெளியூர் வழக்குக்காரரால் கடை நிறைந்தது. வந்தவர்கள் உற்சாகமாகச் சாப்பிட்டார்கள். "தாராளமாச் சாப்பிடுங்கோ எண்டு சொல்லி விட்டவை" என்றார்கள். யார் சொன்னார்கள் என்று முத்துலிங்கம் கேட்டபோது ஒருவர் ஒரு பிரக்கிராசியின் பெயரைச் சொன்னார். அது அவருடைய பிரக்கிராசி அல்ல, எதிர்க்கட்சிக்காரரின் பிரக்கிராசி.

"நல்ல மனிசன் ஐயா" என்றார் அவர் வடையைப் பிய்த்துக்கொண்டு. "வழக்கு வழக்காயிருக்கட்டும், முதல்ல முத்துலிங்கத்தின்ரை கடையிலை சாப்பிட்டிட்டு வாரும் எண்டார்."

முத்துலிங்கம் ஓட்டை இருந்த இடத்தில் காதை வைத்து, "ஜாபிர் நானா!" என்று கூப்பிட்டார்.

"ஓம் அண்ணே, நானும் ரெண்டு பேர அனுப்பினதுதான்" என்றது சுவர். "தொழில் அப்பிடி. கோவிக்காதீங்க."

இந்த ஏற்பாடு ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள், ஒரே கிணற்றுக்காக வழக்காடும் இரண்டு கட்சியும், ஒருவருடைய பிரக்கிராசி மற்றவரை அனுப்பி வைத்ததன் பேரில், ஒரே வாங்கில் வந்து சந்தித்தன. ஒரு நிமிஷம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் பலகையைப் பார்த்தார்கள். பிறகு சாம்பார் வாளி பறந்தது. அந்தச் சண்டையில் தும்புத்தடியும் ஒட்டடைத் தடியும் முதன்முறையாகப் பலகையிலிருந்து கழற்றப்பட்டு முழுமையாகப் பயன்பட்டன.

அதன் பிறகு நண்பனும் வரவில்லை, எதிரியும் வரவில்லை. பத்மாவதி காலையில் அவித்த இடியப்பத்தை மத்தியானம் காகத்துக்குப் போட்டாள். மூன்று வாரம் பார்த்தாள். நாலாம் வாரம் தன் பழைய பச்சைச் சேலையைக் கிழித்து, கயிற்றில் கோத்து, பலகைக்கு முன்னால் திரையாகக் கட்டினாள்.

"பலகை இருக்கு, சாமான் இருக்கு, ஒருத்தரும் கழற்றேல்லை" என்றாள். "மூடக்கூடாதெண்டு படிவத்திலை எங்கை இருக்கு?"

ஜாபிர் படிவத்தை வாங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மூன்று முறை வாசித்தார். எங்கேயும் இல்லை.

திரை விழுந்த மூன்றாம் நாள் கடை நிறைந்தது. நாலாம் நாள் ஸ்ரீஸ்கந்தராசா வந்தார். திரையைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். யாரோ செத்த வீட்டில் நிற்பதுபோல நின்றார்.

"முத்துலிங்கம், நீர் விஞ்ஞானத்துக்குச் சேலை கட்டிவிட்டீர்."

"ஐயா, வழக்குக்காரர் சகுனம் பார்க்கினம். திரை இல்லாட்டில் கடையைப் பூட்ட வேணும்."

"சகுனம்!" இன்ஸ்பெக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "இருபதாம் நூற்றாண்டிலை, பிரித்தானியக் கொடியின் கீழை, படிச்ச ஊரிலை, ஒரு ஈர்க்குக் கட்டைப் பார்த்தால் வழக்குத் தோற்குமெண்டு நம்பிற முட்டாள்கள் இருக்கினம். அவையின்ரை வயித்தை நிரப்புறதுக்காக நீர் அரசாங்கத்தின் பலகையை மறைக்கிறீர். இந்த அறியாமையைக் கோட்டிலை வைச்சு உடைக்கிறன்."

கோட்டழைப்பு வந்தது. குற்றம்: துப்புரவுப் பலகையை வேண்டுமென்றே மறைத்தது. முறைப்பாட்டுக்காரர்: ஸ்ரீஸ்கந்தராசா. தீர்ப்பு எதிராக வந்தால் லைசென் அன்றோடு சரி. ஜாபிரின் பிரக்கிராசியார், சுவரில் ஓட்டை விழுந்த நாளிலிருந்து தாமும் அந்த வீட்டு மனிதர்தான் என்று சொல்லி, முத்துலிங்கத்துக்காகப் பேச ஒப்புக்கொண்டார்.

இன்ஸ்பெக்டருக்கும் அது சின்ன விஷயம் அல்ல. முடிசூட்டு விழாவுக்குத் திறந்த கந்தோர் இன்னும் ஏன் திறந்திருக்கிறது என்று மேலிடத்தில் யாரோ கேட்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு வழக்கையாவது வென்று காட்டினால்தான் பன்னிரண்டு மேசையும் நிற்கும்.

வழக்கு வியாழக்கிழமை பத்து மணிக்கு. காலை ஏழு மணிக்கே ஜாபிர் பேப்பர்க்கட்டோடு கடைக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, ஒரு வேல செய்யுங்க. அவங்கட சட்டப்படி, வழக்கு நாள் காலயில முறைப்பாட்டுக்காரர் எடத்த நேர்ல வந்து பாத்து, ஒரு தாள்ல கடக்காரர்ட கையொப்பம் வாங்கணும். அவர் வாற நேரம் தெர தெறந்து ஈந்திச்செண்டா, இண்டக்கி மறைக்கல்லியேண்டு எங்கட பிரக்கிராசியார் புடிச்சுக்குவார்."

"திறக்கிறதோ?" என்றார் முத்துலிங்கம். "நானும் இண்டைக்குக் கோட்டுக்கெல்லோ போறன்!"

"அப்ப கண்ணை மூடுங்கோ" என்றாள் பத்மாவதி. திரையின் கயிற்றை இழுத்து ஒரு பக்கத்தில் ஒதுக்கிக் கட்டினாள். காலை வெயில் வாசலால் நுழைந்து நேரே பலகையில் விழுந்தது. ஐந்து சாமானும் வெள்ளை எழுத்தும் பளபளத்தன. முத்துலிங்கம் காசு மேசையில் சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, காசு போடும் லாச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு வந்த இரண்டு வழக்குக்காரர் உள்ளே பார்த்துவிட்டு, தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போனார்கள்.

ஏழரை ஆனது. எட்டானது. வாசலால் இன்ஸ்பெக்டர் வரவில்லை.

எட்டேகாலுக்குக் குசினிப் பக்கம் தடால் என்று ஒரு சத்தம். கழுவி வைத்திருந்த கிடாரம் உருண்டது. பத்மாவதி ஓடினாள், பின்னால் ஜாபிரும் முத்துலிங்கமும் ஓடினார்கள்.

கடைக்குப் பின்னால், கக்கூஸ் வாளி எடுக்கிறவர்கள் மட்டும் போய்வரும் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்று உண்டு. அதற்குத் திறக்கும் சின்னக் கதவால், தொப்பி ஒரு கையிலும் வெள்ளைச் சப்பாத்து மறு கையிலுமாக, முழங்கால்வரை களுசானை மடித்துவிட்டபடி ஸ்ரீஸ்கந்தராசா உள்ளே வந்துகொண்டிருந்தார். நெற்றியில் அழுத்தமாக மூன்று குறித் திருநீறு. காதில் கோயிற் பூ. அவரை முதலில் எதிர்கொண்டது அடுப்புக்கு மேலிருந்த பிள்ளையார். சப்பாத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு குட்டுக் குட்டிக்கொண்டார்.

"முன் வாசலாலை வந்திருக்கலாமே, ஐயா!" என்றார் முத்துலிங்கம்.

"அது... இதாலை கிட்ட" என்றார் இன்ஸ்பெக்டர். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "இதிலை ஒரு கையெழுத்துப் போடுங்கோ. அவ்வளவுதான்."

முத்துலிங்கம் தாளை வாங்கும்முன் ஜாபிர் வாங்கிவிட்டார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரத்து வாசித்தார்: "இன்று காலை மேற்படி கடையின் வாசலால் நுழைந்து, துப்புரவுப் பலகை திரையால் மறைக்கப்பட்டிருப்பதை என் இரு கண்ணாலும் நேரிற் கண்டேன்." நிமிர்ந்தார். "நீங்க இன்னம் காணல்லியே, இன்ஸ்பெக்டர். அந்தா, ஆறடி தூரம். ஒருக்காத் தலைய நீட்டிப் பாருங்க."

"வேண்டாம். எனக்குத் தெரியும்."

"தெரியாதே ஐயா" என்றாள் பத்மாவதி. முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "நீங்கள் கேட்டபடி இண்டைக்குத் திரையைத் திறந்து விட்டிருக்கிறம். அஞ்சும் வெயிலிலை மினுங்குது. வாங்கோ, காட்டுறன்." அவருடைய சட்டைக் கையைப் பிடித்துச் சாப்பாட்டறை வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்தாள்.

இன்ஸ்பெக்டர் கதவு நிலையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தார். மறு கையிலிருந்த தக்கைத் தொப்பியால் கண்ணிரண்டையும் பொத்திக்கொண்டார். முதன்முறையாக அவர் குரலில் அதிகாரம் இல்லை, மன்றாட்டம் இருந்தது.

"முதல்ல அந்தத் திரையை இழுத்து மூடுங்கோ, முத்துலிங்கம்! இண்டைக்குக் கோட்டிலை வழக்கு எனக்கெல்லோ!"